ரெட்ஃபால்: கடைசி பேட்சுக்குப் பிறகும் அந்த 4/10 நியாயமா?

#1 ரீலோடு ராஜா

காட்டேரிகளை வேட்டையாடும் ஷூட்டர் கேமான ரெட்ஃபால் 2023 மே 2 அன்று வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்களை இந்த வாரம் மறுபடி வரிசையாகப் படித்தேன். கேம் விமர்சனத் தளமான ஐஜிஎன் 10-க்கு 4 கொடுத்திருந்தது. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாக்ரிட்டிக்கில் சராசரி ஐம்பதுகளின் நடுவில். ஸ்டீம் கடையில் வாங்கியவர்கள் கருத்து பெரும்பாலும் எதிர்மறை. டிஸ்ஹானர்ட் கேமில் பாதிக் கையும் ப்ரே கேமில் முழுக் கையும் வைத்த, இதைச் செய்த ஸ்டுடியோவான ஆர்கேன் ஆஸ்டினுக்கு இது என்ன மாதிரி அடி என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அன்று எல்லோரும் சிரித்தது பக்குகளை, அதாவது கோளாறுகளை, பார்த்துத்தான். சுவரில் முட்டிக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும் எதிரி, பக்கத்தில் நின்றவன் சுருண்டு விழுந்தும் திரும்பிப் பார்க்காத இன்னொருவன், இரண்டு கையையும் அகல நீட்டியபடி விறைத்து நிற்கும் ரத்தக்காட்டேரி. இந்தத் துண்டு வீடியோக்கள்தான் வாரக்கணக்கில் ஓடின. விமர்சனங்களும் அதே உதாரணங்களைப் பிடித்துக்கொண்டன.

அப்புறம் பேட்சுகள், அதாவது திருத்தப் பதிப்புகள், வந்தன. 2023 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படங்கள்), பின்னால் பதுங்கிப் போய்ச் சத்தமில்லாமல் வீழ்த்தும் வசதி, கண்ட்ரோலர் திருத்தங்கள். 2024 மே கடைசியில் இறுதி அப்டேட்: இணையம் இல்லாமல் ஆடலாம், தனியாக ஆடும்போது பாஸ் போட்டு ஆட்டத்தை நிறுத்திவைக்கலாம். இந்தக் கடைசிப் பதிப்பைத்தான் இப்போது முழுதாக ஆடி முடித்தேன். தெருவில் எதிரிகள் போதுமான அளவு இருக்கிறார்கள். சுட்டால் திருப்பிச் சுடுகிறார்கள். படம் திணறாமல் ஓடுகிறது.

ஆனால் கேம் நன்றாகிவிட்டதா என்றால், இல்லை. பக்குகள் இருந்தவரை ஆத்திரமாவது வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. உடைந்திருந்தது வேறு, உள்ளே ஒன்றும் இல்லாதது வேறு. 2023 விமர்சனங்களில் பலவும் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி ஒரே மதிப்பெண்ணைப் போட்டுவிட்டன. முதல் குறை தீர்ந்த பிறகும் அந்த மதிப்பெண் எனக்குச் சரியாகவே படுகிறது. உங்களுக்கு?

#2 சும்மா பார்க்க வந்தவன்

பாஸ் பட்டன் வருவதற்கு ஒரு வருஷம் ஆன கேம். வேறு சாட்சி வேண்டுமா? இழையை மூடுங்கள்.

#3 கருங்குடை

மூட வேண்டாம், எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. எனக்கு இந்தக் கேம் பிடிக்கும். ஆமாம், நான் ஒருத்திதான்.

ஆரம்பத்தை நினைத்துப் பாருங்கள். கப்பல் தரைதட்டிக் கிடக்கிறது. வெளியே வந்தால் கடல் பின்வாங்கி, அலைகள் மலைபோல எழுந்து அப்படியே உறைந்து நிற்கின்றன. தீவிலிருந்து யாரும் தப்பக் கூடாதென்று காட்டேரிகள் கடலை நிறுத்திவிட்டன, வானத்தில் சூரியனையும் மறைத்துவிட்டன. அந்த ஒரு காட்சியில் இடம், எதிரி, நெருக்கடி மூன்றும் தெரிந்துவிடுகின்றன. பின்னால் வரும் ஊரும் அப்படித்தான். உதிர்ந்த இலை, வாசலில் பூசணி விளக்கு, ஆள் இல்லாத புத்தகக்கடை. ஒரு வீட்டுக்குள் போய் அங்கே கிடக்கும் கடிதங்களைப் படித்தால் யார் முதலில் காட்டேரிப் பக்கம் சாய்ந்தார்கள், யார் கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தார்கள் என்று தெரிகிறது. ஏவம் என்கிற மருந்துக் கம்பெனி இளைஞர்களின் ரத்தத்தை எடுத்துப் பணக்காரர்களுக்கு ஆயுள் நீட்டப் பார்த்த கதை முழுக்க அந்தக் காகிதங்களில்தான் இருக்கிறது. ஆர்கேன் கை அங்கே தெரிகிறது.

விமர்சகர்கள் இதையும் எழுதினார்கள், ஒரு பத்தியில். மீதிப் பத்தியெல்லாம் ப்ரே மாதிரி இல்லையே என்ற அழுகை. பெயர் தெரியாத ஒரு புது ஸ்டுடியோ இதே கேமைக் கொண்டு வந்திருந்தால் 6 போட்டு, 'குறைகள் இருந்தாலும் சூழல் அருமை' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எதிர்பார்ப்புக்கு விழுந்த அடிதான் அந்த 4.

#4 டெட்ஸோன்

> பெயர் தெரியாத ஒரு புது ஸ்டுடியோ இதே கேமைக் கொண்டு வந்திருந்தால்

புது ஸ்டுடியோ 70 டாலர் விலை வைத்திருக்காது. 2021 ஜூன் எக்ஸ்பாக்ஸ் நிகழ்ச்சியில் கடைசி ட்ரெய்லராக, மணிமகுடம் மாதிரி காட்டப்பட்டிருக்காது. எதிர்பார்ப்பை விமர்சகர்கள் கிளப்பவில்லை, விற்பவர்களே கிளப்பினார்கள். இரண்டையும் வைத்துத்தான் மதிப்பெண் போட முடியும்.

இன்னொன்று. ரீலோடு ராஜா சொல்வது போல உடைசலையும் வெறுமையையும் பிரித்துப் பார்ப்பது இன்றைக்கு உட்கார்ந்து பேசும் நமக்குச் சுலபம். விமர்சகர் எழுதுவது அன்று விற்பனைக்கு வரும் பொருளைப் பற்றி. அன்று கன்சோலில் 30 எஃப்பிஎஸ்தான். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால், ஏப்ரலில்தான் '60 பிறகு வரும்' என்று அறிவித்தார்கள். கண்ட்ரோலர் குச்சியை லேசாகத் தள்ளினால் எதுவும் நகராது, கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் குறி எகிறிப் போய்விடும் என்ற புகார் எல்லாப் பக்கமும் இருந்தது. ஷூட்டரில் குறிபார்ப்பதே சரியில்லை என்றால் அதற்கு மேல் சூழலைப் பற்றி என்ன பேச? சாம்பாரில் உப்பே போடாமல் இலையின் பச்சையைப் புகழச் சொல்கிறீர்கள்.

(குச்சி அசைந்தும் எதுவும் நகராத அந்த இடைவெளிக்கு டெட்ஸோன் என்றுதான் பெயர். ஆனால் என் பெயருக்கும் இந்தப் புகாருக்கும் தொடர்பு இல்லை. பெயர் பழசு.)

#5 பதுங்கி ஆடுபவன்

நான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வெறுமை என்று பொதுவாகச் சொன்னால் பத்தாது, எங்கே வெறுமை என்று கைவைத்துக் காட்ட வேண்டும்.

ப்ரேயில் பூட்டிய ஓர் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்குச் சங்கேத எண் வேண்டும். எண் வேறொரு அறையில் யாரோ எழுதிவைத்த குறிப்பில் இருக்கும். அதைத் தேடப் பொறுமை இல்லையா, கதவுக்குப் பக்கத்தில் உடைந்த ஜன்னல் இடுக்கு வழியாக நுரை அம்பு எய்து உள்ளே இருக்கும் கணினித் திரையின் பட்டனை அழுத்தலாம். காப்பிக் கோப்பையாக உருமாறி இடுக்கில் உருண்டு போகலாம். பசைத் துப்பாக்கியால் சுவரில் படி கட்டி மேலே ஏறிக் காற்றுக்குழாய் தேடலாம். ஒரு கதவு, நாலு வழி. எந்த வழியில் போனேன் என்பது என் கதை. பக்கத்தில் ஆடுபவர் கதை வேறு.

ரெட்ஃபாலில் பூட்டிய கதவுக்கு முன்னால் நில்லுங்கள். பூட்டுத் திறக்கும் கருவி பையில் இருந்தால் பட்டனை அமுக்கிப் பிடித்தால் திறக்கும். மின்சாரப் பூட்டு என்றால் அதற்கு இன்னொரு கருவி. இல்லாவிட்டால் வேறு கதவு, வேறு ஜன்னல், சில இடங்களில் கூரை. உள்ளே போனால் நீல நிறத்தில் ஒரு ஷாட்கன் கிடைக்கிறது. கையில் இருப்பதை விட அதன் பலத்தைக் காட்டும் எண் பெரிது. மாற்றிக்கொள்கிறேன். பத்து நிமிஷத்தில் அதைவிடப் பெரிய எண்.

இதில் பக் எதுவும் இல்லை. எல்லாம் திட்டமிட்டபடிதான் வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினை.

ஏன் இப்படி ஆனது என்பதும் ஆடும்போதே தெரிகிறது. நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டும் என்று வைத்துவிட்டால் உலகத்தை ஒருவன் நிதானமாகப் பிரித்து மேய முடியாது, மற்ற மூன்று பேர் காத்திருக்க மாட்டார்கள். அதனால் எல்லா வழியும் அகலமாக, எல்லாப் பூட்டும் ஒரு பட்டனில் திறப்பதாக ஆகிவிடுகிறது. அதே சமயம் தனியாகவும் ஆட வேண்டும் என்பதால் நாலு பேர் கைகோத்தால்தான் தீரும் சிக்கலையும் வைக்க முடியாது. தனி ஆட்டம் கூட்டாட்டத்தைக் கெடுத்தது, கூட்டாட்டம் தனி ஆட்டத்தைக் கெடுத்தது. எது வேண்டும் என்று யாராவது முடிவெடுத்திருந்தால் இரண்டில் ஒன்று பிழைத்திருக்கும்.

#6 நாலாவது ஆள்

பதுங்கி ஆடுபவன் சொன்னதில் கூட்டாட்டப் பகுதியை மட்டும் நான் நிரப்புகிறேன். எங்கள் குழுவில் எப்போதும் கடைசியாகச் சேரும் ஆள் நான். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

கூட்டாட்டத்துக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள் என்றால் அதாவது உருப்படியாக இருந்திருக்க வேண்டும். கதை முன்னேற்றம் அறையைத் திறந்தவருக்கு மட்டும்தான் பதிவாகும். மற்ற மூன்று பேர் தங்கள் ஆட்டத்துக்குத் திரும்பினால் அதே மிஷன் அப்படியே காத்திருக்கும். தெரியாத ஆட்களைச் சேர்த்துவிடும் வசதி கிடையாது. ஆக, மூன்று நண்பர்கள் வேண்டும், அவர்களுக்குத் தங்கள் கதை நகராவிட்டாலும் பரவாயில்லை என்ற மனசும் வேண்டும்.

நாலு பாத்திரங்களின் திறமைகளும் தனித்தனியாகப் பார்த்தால் நல்லவை. லேலா மனோசக்தியால் ஒரு லிஃப்டை உண்டாக்கி எல்லோரையும் கூரைக்கு ஏற்றுவாள், குடையைக் கேடயமாகப் பிடிப்பாள், உச்சத் திறனாகக் காட்டேரியாகிவிட்ட தன் முன்னாள் காதலனையே கூப்பிடுவாள். டெவிண்டர் ஒரு கருவியை எறிந்து அந்த இடத்துக்குத் தாவுவான். ரெமியிடம் ரோபோ. ஜேக்கப்பிடம் காகம். ஆனால் ஒருவர் திறமையோடு இன்னொருவர் திறமையைச் சேர்த்தால் புதிதாக ஏதாவது நடக்கிறதா என்றால், லிஃப்டில் சேர்ந்து குதிப்பதைத் தவிர நினைவில் நிற்கிற மாதிரி ஒன்றும் இல்லை. நாலு பேர் ஒரே தெருவில் தனித்தனியாக ஆடுகிறோம்.

கதைக் காட்சிகளோ அசையாப் படங்களை நகர்த்தி, மேலே குரல் கொடுத்த ஸ்லைடுகள். நாலு பேரும் வாயை மூடிக்கொண்டு ஸ்லைடு பார்ப்போம்.

#7 கருங்குடை

அந்த ஸ்லைடுகள் எனக்கும் பிடிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காட்டேரிக் கூடுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. கதவைத் திறந்து உள்ளே போனால் ஊரின் துண்டுகள் எல்லாம் பிய்ந்து வேறொரு வெளியில் மிதக்கின்றன. நடுவில் துடிக்கும் இதயம். அதை உடைத்ததும் கூடு இடிய ஆரம்பிக்கும், அது முழுதாக இடிவதற்குள் கிடைத்ததை வாரிக்கொண்டு ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் பேராசை, பயம் இரண்டும் இருக்கின்றன. புற ஊதா விளக்கை அடித்துக் காட்டேரியைக் கல்லாக்கி, அந்தக் கல்லை உடைப்பதும் எனக்கு அலுக்கவே இல்லை.

இதெல்லாம் வெறுமையா?

#8 பதுங்கி ஆடுபவன்

முதல் கூட்டில் வெறுமை இல்லை. ஐந்தாவது கூட்டில் அதே வழி, அதே இதயம், அதே ஓட்டம் என்றால் என்ன சொல்வது? நல்ல யோசனை ஒன்றைக் கண்டுபிடித்து அதை நகலெடுத்து வரைபடம் முழுக்கத் தெளித்திருக்கிறார்கள். பாதுகாப்பு வீடுகளும் அதே கதிதான்: ஜெனரேட்டரைப் போடு, அந்தப் பகுதி வேலைகளை முடி, குட்டித் தலைவனைக் கொன்று மண்டையோட்டை எடு, அடுத்த பகுதி.

கல்லாக்குவது பற்றி நீங்கள் சொன்னது சரி. முளை அடிக்கும் துப்பாக்கியும் அருமை. ஆயுதத்தில் ஆர்கேன் எப்போதும் தோற்றதில்லை.

#9 பில்டு உடைப்பவன்

நான் கேம் டெஸ்டிங்கில் இருக்கிறேன் (இந்தக் கேமில் இல்லை, எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்). இழையில் 'பக்' என்ற ஒரே மூட்டைக்குள் ரொம்ப வேறுபட்ட விஷயங்கள் கிடக்கின்றன. அதைக் கொஞ்சம் பிரிக்கிறேன்.

எதிரி சுவரில் முட்டுவது, அசையாமல் நிற்பது போன்றவை ஓப்பன் வேர்ல்டில், அதாவது இஷ்டப்படி சுற்றக்கூடிய பெரிய வரைபடத்தில், எங்கிருந்து வருகின்றன? எதிரிகள் நடக்கக்கூடிய தரையை மேப்பின் மேல் ஒரு வலை மாதிரி முன்கூட்டியே விரித்துவைப்போம். நாற்காலியோ வேலியோ கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டு, வலை புதுப்பிக்கப்படாவிட்டால், வலையைப் பொறுத்தவரை அங்கே வழி இருக்கும், உண்மையில் இருக்காது. எதிரி முட்டுவான். கையால் செதுக்கிய சின்ன லெவலில் இதை ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிடலாம். ஊர் முழுக்க முடியாது, கருவிகளை நம்ப வேண்டும்.

அடுத்தது தூக்கம். ஓப்பன் வேர்ல்டில் ஆடுபவருக்குத் தூரத்தில் இருக்கும் எதிரிகளைக் கணினி தூங்கவைத்துவிடும், அப்போதுதான் தாங்கும். ஒருவர் ஆடினால் ஒரு வட்டத்துக்குள் எழுப்பினால் போதும். நாலு பேர் நாலு மூலையில் நின்றால் நாலு வட்டம். அத்தனையையும் ஒத்திசைத்து நாலு பேர் திரையிலும் ஒரே மாதிரி காட்ட வேண்டும். செலவைக் குறைக்க முதலில் கைவைப்பது எதிரிகளின் எண்ணிக்கையிலும் யோசனையிலும்தான். காலியான தெருவும் மந்தமான எதிரியும் சேர்ந்தே வருவது எங்கள் தொழிலில் பழகிய ஜோடி.

ஆகவே நாலு பேர் ஆடும் ஓப்பன் வேர்ல்ட் என்று முடிவு செய்த நாளிலேயே இந்த பக்குகளுக்கும் விதை போட்டாகிவிட்டது. ரீலோடு ராஜா சொல்லும் இரண்டு குறைகளும் அவர் நினைப்பதை விட நெருங்கிய சொந்தம்.

#10 ரீலோடு ராஜா

#9 நல்ல பதிவு. சொந்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சொந்தக்காரர் பேட்சில் போய்விட்டார், இன்னொருவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. வெளியான சில நாளில், அன்று எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் ஒரு பாட்காஸ்டில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் அந்த மன்னிப்பை மட்டும் பகிர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை வேறு இரண்டு. ஒன்று, வெளியீட்டுக்கு முன் உள்ளே எழுத வைத்த மாதிரி விமர்சனங்களின் மதிப்பெண்ணை விட உண்மையான மதிப்பெண் இரட்டை இலக்க அளவு குறைந்துவிட்டது என்றார். இரண்டு, தரக் குறைவு என்றால் தள்ளிப் போடலாம், ஆனால் படைப்பு நோக்கமே ஆடுபவர்களிடம் போய்ச் சேரவில்லை என்றால் தள்ளிப் போடுவது மட்டும் தீர்வாகாது என்ற பொருளில் பேசினார். வெளியிட்டவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. 2022 கோடையிலிருந்து 2023-க்கு ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போட்ட கேம் இது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

#11 சும்மா பார்க்க வந்தவன்

> மாதிரி விமர்சனங்களின் மதிப்பெண்ணை விட

அதென்ன மாதிரி விமர்சனம்? பரீட்சைக்கு முன்னால் ரிவிஷன் டெஸ்டா?

#12 பில்டு உடைப்பவன்

கிட்டத்தட்ட. விமர்சனம் எழுதிப் பழக்கமுள்ளவர்களைக் காசு கொடுத்து, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, இன்னும் முடியாத பில்டை (கேமின் வேலை நடக்கும் பதிப்பை) ஆடவிட்டு அறிக்கை வாங்குவார்கள். சிக்கல் எங்கே என்றால், 'இந்த பக் வெளியீட்டுக்குள் சரியாகிவிடும்' என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவோம். அவர்களும் அதைக் கழித்துவிட்டுத்தான் மதிப்பெண் போடுவார்கள். பட்டியலில் பாதி சரியாகாமல் கேம் வெளியே போனால் கணக்கு உதைக்கும்.

#13 டெட்ஸோன்

ப்ளூம்பெர்க்கில் 2023 ஜூனில் வந்த செய்தியையும் யாராவது இங்கே வைக்க வேண்டும், நானே வைக்கிறேன். அந்தச் செய்தியின்படி ஆர்கேனின் தாய் நிறுவனமான ஸெனிமேக்ஸ் தன் ஸ்டுடியோக்களைத் தொடர்ந்து காசு வரும் வகைக் கேம்கள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்தது ரெட்ஃபால். கேமுக்குள் கடை வைக்கும் திட்டம் இருந்தது, 2021-இல் அதைக் கைவிட்டார்கள். தலைமை ஒரு நாள் ஃபார் க்ரையை உதாரணம் காட்டும், ஒரு நாள் பார்டர்லாண்ட்ஸைக் காட்டும். ப்ரேயில் வேலை செய்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ரெட்ஃபால் முடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். ஸெனிமேக்ஸை மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு இந்தக் கேமை ரத்து செய்துவிடும், அல்லது தனி ஆட்டமாக மாற்றச் சொல்லும் என்று உள்ளே சிலர் எதிர்பார்த்தார்களாம். அது நடக்கவில்லை.

கருங்குடை, இதைப் படித்துவிட்டு உங்கள் 'எதிர்பார்ப்புக்கு விழுந்த அடி' வாதத்தை மறுபடி பாருங்கள். செய்தவர்களே ரத்தாகிவிடாதா என்று காத்திருந்த கேமுக்கு விமர்சகர் இரக்கம் காட்ட வேண்டுமா?

#14 கருங்குடை

இரக்கம் கேட்கவில்லை. கவனம் கேட்டேன். நூறு பேர்கூட இல்லாத ஸ்டுடியோ அது. அந்தச் சின்னக் குழு அந்த ஊரை இப்படி அலங்கரித்திருக்கிறது என்பதை ஒரு வரியில் தாண்டிப் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ப்ளூம்பெர்க் செய்தி வந்தது விமர்சனங்களுக்குப் பிறகு. மே மாதம் எழுதியவர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்களில் பலர் 'ஆர்கேனுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது' என்ற தோரணையில் எழுதினார்கள். சரக்கு தீரவில்லை, ஆட்கள் போய்விட்டார்கள்.

#15 நெறியாளர்

எந்த கன்சோல் உயர்ந்தது என்ற சண்டைப் பதிவுகள் இங்கிருந்து நீக்கப்பட்டன. பிளேஸ்டேஷன் 5 பதிப்பு ரத்தானது பற்றிப் பேச வேண்டுமானால் அதற்குத் தனி இழை இருக்கிறது.

#16 சும்மா பார்க்க வந்தவன்

சரி, ஒரு நியாயமான கேள்வி. மோசமாக வந்து பிறகு தேறிய கேம்கள் இருக்கின்றன. சைபர்பங்க் 2077-ஐ 2020 டிசம்பரில் வெளியான சில நாளிலேயே சோனி தன் கடையிலிருந்து தூக்கியது. 2023 செப்டம்பரில் 2.0 வந்தபோது அதே கேமைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ரெட்ஃபாலுக்கும் இன்னும் இரண்டு வருஷம் கொடுத்திருந்தால்?

#17 ரீலோடு ராஜா

சைபர்பங்கை விட நெருக்கமான உதாரணம் கோஸ்ட் ரீகான் பிரேக்பாயிண்ட். 2019 அக்டோபரில் வந்தது. ஓப்பன் வேர்ல்ட் ஷூட்டர், எப்போதும் இணையம் வேண்டும், நாலு பேர் கூட்டாட்டம், துப்பாக்கிக்குத் துப்பாக்கி எண் ஏறும் லூட் (பொறுக்கிச் சேர்க்கும் சாமான்). குற்றப்பத்திரிகை அப்படியே ஒன்றுதான். விற்பனை சரிந்தது. அதை வெளியிட்ட யூபிசாஃப்ட் அதே மாதம் வாட்ச் டாக்ஸ் லீஜன் உட்பட மூன்று கேம்களைத் தள்ளிப்போட்டது.

ஆனால் 2020 மார்ச்சில் அந்த எண்களை முழுதாக அணைத்துவிடும் வசதி வந்தது. ஜூலையில் கணினி இயக்கும் தோழர்கள் திரும்பி வந்தார்கள். இன்று அந்த இரண்டு மாற்றங்களோடு ஆடுபவர்கள் அதை நல்ல ராணுவ ஷூட்டர் என்கிறார்கள். ஏன் முடிந்தது? லூட் அங்கே மேலே ஒட்டவைத்த சாமான். பிய்த்து எடுத்தால் அடியில் அதே வரிசையின் முந்தைய கேமான 2017 வைல்ட்லேண்ட்ஸின் எலும்புக்கூடு பத்திரமாக இருந்தது: முகாமை வேவு பார், திட்டம் போடு, உள்ளே போ.

ரெட்ஃபாலில் எண்களை அணைத்துப் பாருங்கள். கதவைத் திறப்பதற்குக் காரணமே போய்விடும்.

#18 பதுங்கி ஆடுபவன்

இதற்கு எதிர்முனையில் 2008 ஃபார் க்ரை 2-ஐ வைக்கலாம். எரிச்சலுக்குப் பெயர்போன கேம். சாவடியைக் காலி செய்துவிட்டுத் திரும்பி வந்தால் மறுபடி ஆட்கள் நிற்பார்கள். துப்பாக்கி பாதிச் சண்டையில் சிக்கிக்கொள்ளும். நடுவில் மலேரியா வேறு வரும். இருந்தும் இத்தனை வருஷம் கழித்து அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு எரிச்சலுக்குப் பின்னாலும் ஒருவர் எடுத்த முடிவு தெரிகிறது. புல்லில் வைத்த தீ காற்று அடிக்கும் பக்கம் பரவி என்னையே சுடும்போது திட்டுவேன், ஆனால் யாரைத் திட்டுகிறேன் என்று தெரியும். ரெட்ஃபாலில் திட்ட ஆள் கிடைப்பதில்லை.

#19 நாலாவது ஆள்

இரண்டு வருஷம் கொடுத்திருந்தால் என்ற கேள்விக்கு நடந்ததே பதில். 2024 மே 7 அன்று ஆர்கேன் ஆஸ்டினை மூடுவதாக அறிவித்தார்கள், மைக்ரோசாஃப்டின் இன்னொரு ஸ்டுடியோவான டாங்கோ கேம்வொர்க்ஸோடு சேர்த்து. இறுதி அப்டேட் வந்தது அதே மாதக் கடைசியில். மூடப்போகும் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ பாஸ் பட்டனைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கூடுதல் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு வாக்குக் கொடுத்த இரண்டு புதுப் பாத்திரங்கள் வரவே இல்லை, அதற்கான தொகையை ஈடு செய்வதாகச் சொன்னார்கள்.

டாங்கோவையாவது பிறகு கிராஃப்டன் என்ற கொரியக் கேம் கம்பெனி எடுத்துக்கொண்டது. ஆஸ்டினுக்கு யாரும் வரவில்லை.

#20 டெட்ஸோன்

இங்கே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. மூடல் செய்தி வந்ததும் 'விமர்சகர்கள்தான் ஸ்டுடியோவைக் கொன்றார்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. 4 போட்டவர் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. அதே நாளில் மூடப்பட்ட டாங்கோவின் ஹை-ஃபை ரஷ் கேமை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். அதற்கும் அதே கதிதானே? மதிப்பெண்ணுக்கும் மூடலுக்கும் நேர்க்கோடு போட முடியாது.

#21 கருங்குடை

இதில் டெட்ஸோனோடு முழு உடன்பாடு. இந்த இழையில் முதல் முறை.

ஆனாலும் என் 6-ஐ நான் விட்டுத்தர மாட்டேன். இறுதிப் பதிப்புக்கு 6. ரீலோடு ராஜா, நீங்கள் 4 என்கிறீர்கள். ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் 4-இல் உடைசலுக்கு எவ்வளவு, வெறுமைக்கு எவ்வளவு?

#22 ரீலோடு ராஜா

நல்ல கிடுக்கிப்பிடி. 2023 பதிப்புக்கு நான் போட்டிருந்தால் 3. இறுதிப் பதிப்புக்கு 4. ஆக உடைசலுக்கு ஒரு மதிப்பெண்தான். மீதி ஆறும் பதுங்கி ஆடுபவன் காட்டிய அந்தக் கதவில் போய்விட்டது.

பழைய விமர்சனங்களில் எனக்குப் பிடித்தவையும் அதை நேராகப் பார்த்தவைதான். சுவரில் முட்டும் எதிரியைப் படம் எடுத்துப் போடாமல், 'இந்த ஊரில் நான் செய்யும் எதுவும் எனக்குச் சொந்தமாகப் படவில்லை' என்கிற ரீதியில் எழுதியவை. அப்படிப்பட்டவை சிலதான். மிச்சமெல்லாம் இப்போது படித்தால் பழைய பேட்ச் நோட்ஸ் மாதிரி இருக்கின்றன.

#23 புதுக்கணக்கு

வணக்கம், முழு இழையும் படித்தேன். மைக்ரோசாஃப்டின் சந்தா சேவையான கேம் பாஸில் கிடைத்ததால் டவுன்லோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆடலாமா, அழித்துவிடலாமா? ஆடினால் யாரை எடுப்பது?

#24 கருங்குடை

ஆடுங்கள். தனியாக, ஆஃப்லைனில். லேலாவை எடுங்கள். அவசரப்படாமல் வீடு வீடாகப் போய்க் காகிதங்களைப் படியுங்கள்.

#25 பதுங்கி ஆடுபவன்

டெவிண்டரை எடுத்தால் கூரைகளுக்குத் தாவலாம், அதிகம் அலுக்காது. முதல் வரைபடத்தை முடித்து, அதன் பெரிய எதிரியான ஹாலோ மேனை வீழ்த்தியதும் நிறுத்திவிடுங்கள். இரண்டாவதுக்குப் போய்விட்டால் முதல் வரைபடத்துக்குத் திரும்ப முடியாது, முதலாவதில் பார்க்காதது எதுவும் இரண்டாவதில் இல்லை.

#26 சும்மா பார்க்க வந்தவன்

டவுன்லோடு முடிவதற்குள் ப்ரேயையும் வரிசையில் போட்டுவிடுங்கள். எது முதலில் இறங்குகிறதோ அதை ஆடுங்கள். ப்ரே இறங்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.